நுண்ணுயிர்க்குடியா, நுண்ணுயிர்த்திரளா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். நாம் சேர்ந்து எழுதும் மருத்துவக் கட்டுரையில், குடலில் கூட்டமாக வாழும் பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்களை மொத்தமாகக் குறிக்கும் 'மைக்ரோபயோட்டா' என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று நம் குழுவில் பேசிவருகிறோம்.

"வந்து குடியேறி, பெருகி, தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் வாழ்பவை. ஆகவே நுண்ணுயிர்க்குடி என்பதே பொருத்தம்" என்று ஐயா நேற்று எழுதியிருந்தார். படித்தவுடன் எனக்கும் பிடித்துப்போனது. தொல்குடி, குடிமக்கள், குடியிருப்பு என்று உறவுக்காரச் சொற்கள் ஏராளம். வேறொரு நோயைப் பற்றிய கட்டுரையாக இருந்தால் மறுபேச்சின்றி ஏற்றிருப்பேன். ஆனால் நாம் எழுதுவது கொழுப்புக் கல்லீரலைப் பற்றி. இங்கே இந்தச் சொல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

என் அக்காவுக்குக் கொழுப்புக் கல்லீரல் இருப்பது ஸ்கேனில் தெரியவந்தது. மதுவை முகர்ந்துகூடப் பார்க்காதவர். கட்டுரையின் வரைவை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். "நுண்ணுயிர்க்குடி மாறும்போது கல்லீரலில் கொழுப்புச் சேரலாம்" என்ற வரியில் அவருடைய விரல் நின்றுவிட்டது. 'குடி' என்ற இரண்டு எழுத்தின் மேல் நகத்தை ஊன்றிக்கொண்டு, "நான் குடிக்கிறேன் என்றா எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டார். விளக்கினேன், புரிந்துகொண்டார். ஆனாலும் தாளை நான்காக மடித்து, வேறு யாரிடமும் காட்ட வேண்டாம் என்று என் கையில் திணித்துவிட்டார்.

இந்த நோயின் பெயரையே 2023இல் பன்னாட்டுக் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் மாற்றின. 'மது சாராத' என்று இல்லாத ஒன்றைச் சொல்லி நோய்க்குப் பெயரிடுவதும், அதில் ஒட்டிக்கொண்ட பழியும் வேண்டாம் என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. அங்கே வாசல் வழியாக வெளியேற்றிய மதுவை நாம் இங்கே சன்னல் வழியாக அழைத்து வரலாமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் உண்மையிலேயே மதுவை உண்டாக்குகின்றன. க்ளெப்சியெல்லா வகையில் அப்படி நிறைய எத்தனால் உண்டாக்குபவை இருப்பதையும், அவற்றை எலிகளுக்குச் செலுத்தினால் கல்லீரலில் கொழுப்பு ஏறுவதையும் 2019இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதை எழுதும்போது 'குடி' என்றால் எந்தக் குடி என்று ஒவ்வொரு வரியிலும் அடைப்புக்குறி போட வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே புழங்கும் சொற்களும் உதவாது. 'குடல் தாவரம்' என்பது பாக்டீரியாவைச் செடிகொடிகளோடு சேர்த்திருந்த காலத்தின் மிச்சம், அதை விட்டுவிடுவோம். 'கிருமி' என்றால் உடனே கொல்ல மருந்து தேடத் தோன்றும். 2016இல் வந்த கணக்குப்படி நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன, பெரும்பாலும் குடலில். அவற்றில் மிகப் பல நமக்குத் தீங்கு செய்யாதவை.

நான் முன்வைக்கும் சொல் 'நுண்ணுயிர்த்திரள்'. பல வகை சேர்ந்த ஒரு தொகுதி என்பதைத் திரள் காட்டிவிடுகிறது. 'குடல்திரள்' என்று சுருக்க ஆசைதான். புணர்ச்சி விதிப்படி அது 'குடற்றிரள்' ஆகி, படிப்பவரைத் தடுக்கி விழ வைக்கும். 'குடல் நுண்ணுயிர்த்திரள்' என்றே நீட்டி எழுதலாம்.

இந்தத் திரளின் கலவை கெடுவதற்குச் 'சமநிலைக் குலைவு' என்று சிலர் எழுதியிருந்தீர்கள். சமநிலை என்றதும் இரண்டு தட்டுள்ள தராசு மனத்தில் எழுகிறது. எல்லோருக்கும் பொதுவான ஒரே சரியான கலவை என்று எதுவும் இல்லை. 'திரிவு' எனலாமா? பால் திரிந்தது என்கிறோமே, அந்தத் திரிவு. 'திரிபு' வேண்டாம், கொரோனாக் காலத்துச் செய்திகள் அதை வைரஸ் வகைகளுக்குக் கொடுத்துவிட்டன.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்லின் பலம் தெரியும். இதைப் பாருங்கள்:

"கல்லீரலுக்குப் போகும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. ஆகவே குடலில் நடப்பது முதலில் கல்லீரலுக்குத்தான் தெரியும். நுண்ணுயிர்த்திரள் திரியும்போது, குடலின் உட்சுவராகிய குடலரண் தளரலாம். அப்போது பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள லிப்போபாலிசாக்கரைடு கசிந்து கல்லீரலை அடைகிறது. அங்கே காவல் இருக்கும் குப்ஃபர் செல்கள் அதை எதிரியாகக் கண்டு அழற்சியைத் தூண்டுகின்றன. திரளுக்கும் கொழுப்புக்கும் உள்ள தொடர்பு 2004இலேயே தெரிந்தது: நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குப் பிற எலிகளின் குடல் நுண்ணுயிர்த்திரளைக் கொடுத்தபோது, அவை முன்பைவிடக் குறைவாகத் தின்றும் 2 வாரங்களில் உடல் கொழுப்பு ஏறக்குறைய 60 விழுக்காடு கூடியது, கல்லீரலிலும் கொழுப்பு ஏறியது."

'குடலரண்' எங்கே வந்தது என்று கேட்பீர்கள். 'ஒழுகும் குடல்' என்று பத்திரிகைகளில் வருவது எனக்கு ஒப்பவில்லை. ஓட்டை விழுந்த கூரை ஒழுகும், மண்பானை கசியும். குடலில் நடப்பது செல்களுக்கு இடையிலான கசிவு. 'குடற்கசிவு' என்று வைத்தாலோ இரத்தக் கசிவு என்று பயந்துவிடுவார்கள். எனவே 'குடலரண் தளர்வு'. மருத்துவர்கள் இதில் குறை கண்டால் தயங்காமல் சொல்லுங்கள். 'திரிவு' பற்றியும் ஐயாவின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

திருத்திய வரைவை வரும் ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் மறுபடி கொடுக்கிறேன். விரல் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்.