நம் வீட்டுக் குழு: கெப்னெகாய்சேயின் இரண்டாவது இசைத்தட்டு

அக்கா (உப்சாலா): மாமா, நேற்றுப் பழைய பொருள் சந்தையில் ஓர் இசைத்தட்டு கிடைத்தது. கெப்னெகாய்சே என்ற சுவீடன் ராக் குழுவின் இரண்டாவது தட்டு, 1973. அட்டை ஓரம் நைந்திருக்கிறது, தட்டில் ஒரு கீறல்கூட இல்லை. முதல் இரண்டு பாட்டையும் அனுப்பியிருக்கிறேன்.

மாமா: பஸ்ஸில் வரும்போதே இரண்டு முறை கேட்டுவிட்டேன் அம்மா. சுவீடனின் மிக உயரமான மலையின் பெயர்தானே அது?

அக்கா: ஆமாம் மாமா. என்னோடு வேலை செய்பவர்களில் ஒருவருக்கும் இந்தக் குழுவைத் தெரியவில்லை. எனக்கு மனமே ஆறவில்லை.

தம்பி: முதல் பாட்டில் வயலினும் எலக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மெட்டைப் பிடித்துக்கொண்டு போகின்றன. எது எதை இழுக்கிறது என்றே தெரியவில்லை.

அக்கா: வயலின் மாட்ஸ் கிளென்கோர்ட், கிட்டார் கென்னி ஹோகன்சன். சில்யான் ஏரிக்கரையில் இருக்கும் ரெட்விக் ஊரின் நடைமெட்டு அது. நடந்துகொண்டே வாசிப்பது, கல்யாண ஊர்வலங்களிலும் இந்த வகை மெட்டு உண்டு.

அம்மா: என்ன பாடுகிறார்கள்?

அக்கா: இந்த மெட்டில் சொல்லே கிடையாது அம்மா. 1971இல் வந்த முதல் தட்டு கனத்த ராக். இதில் ஊர் மெட்டுகளுக்குத் திரும்பிவிட்டார்கள். மெட்டை அலங்காரத்துக்குத் தூவாமல், அதையே நடுவில் வைத்து, ஜாஸ்காரர்கள்போல் அதைச் சுற்றிச் சுற்றி வளர்க்கிறார்கள். எனக்குப் பிடித்ததே அதுதான்.

மாமா: இரண்டாவது பாட்டு மூன்று அடித் தாளத்தில் சுழல்கிறது. கொங்கா மேளம் யார்?

அக்கா: ஹாசன் பா. அந்த மெட்டுக்குச் சுவீடனின் ஹெல்சிங்லாந்துப் பகுதியில் ஒரு கதை உண்டு மாமா. ஹோர்கா ஊர் இளைஞர்கள் ஆடிக்கொண்டிருந்த இடத்துக்குச் சாத்தான் பிடில்காரனாக வருகிறான். ஒரு பெண் மட்டும் அவன் குளம்பைப் பார்த்துவிடுகிறாள். மற்றவர்களால் ஆட்டத்தை நிறுத்த முடியவில்லை. மலை ஏறியும் ஆடுகிறார்கள், எலும்பாகும்வரை.

தம்பி: அதனால்தான் முடியவே போவதில்லை என்பதுபோல் ஒலிக்கிறதா!

அக்கா: நான்காவதின் பெயர் 'மரப்பட்டை ரொட்டி மெட்டு'.

அம்மா: பட்டையிலா ரொட்டி?

அக்கா: பஞ்ச காலத்தில் பைன் மரத்தின் உள்பட்டையைக் காயவைத்து, இடித்து, மாவோடு கலந்து சுடுவார்களாம் அம்மா. மாவு அவ்வளவு குறைவு.

மாமா: அதற்கும் ஒரு மெட்டு வைத்திருக்கிறார்களே!

அம்மா: அதை எனக்கு அனுப்பு. சோறு வடித்துவிட்டு உட்கார்ந்து கேட்கிறேன்.