ஊருக்கு ஊர் மாறும் லைட், ஒரே ஷோ ஃபைல்: கிராண்ட்எம்ஏ3 லைட் கன்சோலில் முடியுமா?

கேள்வி:
மெல்லிசைக் கச்சேரிகளுக்கு லைட் போடுகிறேன். ஓர் ஊரில் 8 ஸ்பாட் லைட் வரும், அடுத்த ஊரில் 12 பீம் லைட். ஒவ்வொரு முறையும் க்யூவை (பாட்டுக்கு ஏற்ப லைட் மாறுவதற்கான பதிவுகளை) முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கிறது. வழி உண்டா?

பதில் 1:
கலரை யுனிவர்சல் ப்ரீசெட்டாக (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சேமிப்பாக) வையுங்கள். கலர் மிக்சிங் உள்ள எந்த லைட்டும் எடுத்துக்கொள்ளும். குளோபல் என்றால் அதே வகை ஃபிக்ஸரோடு, அதாவது அதே மாடல் லைட்டோடு, நின்றுவிடும். பொசிஷன் (லைட் திரும்பும் திசை) மட்டும் செலக்டிவ், அதாவது சேமித்த லைட்டுக்கு மட்டும். பாடகர் நிற்கும் இடம், டிரம்ஸ் எல்லாம் மேடைக்குப் போய்த்தான் திருத்த வேண்டும், அதில் குறுக்குவழி தேடாதீர்கள்.

பதில் 2:
அது பாதி வேலைதான். ரெசிபி பயன்படுத்துங்கள். க்யூவுக்குள் ‘இந்தக் குரூப்புக்கு இந்த ப்ரீசெட்’ என்ற வரி மட்டும் இருக்கும். 8 லைட் 12 ஆனால் குரூப்பைத் திருத்தி, குக் (ரெசிபியை க்யூவில் மதிப்புகளாக்கும் கட்டளை) கொடுத்தால் முடிந்தது. குரூப்புக்கு ‘ஸ்பாட்’, ‘பீம்’ என்று பெயர் வைத்துத் தொலைக்காதீர்கள். ‘பின் டிரஸ்’ (பின்னால் லைட் தொங்கும் சட்டம்), ‘தரை’ என்று இடத்தை வைத்துப் பெயர் வையுங்கள். அப்புறம், லைட்டை இடமிருந்து வலமாகத் தேர்ந்து குரூப்பில் சேமியுங்கள். ஃபேஸ் (எஃபெக்ட் லைட்டுக்கு லைட் தள்ளி ஓடுவது) அந்த வரிசையில்தான் ஓடும்.

கேட்டவர்:
சரி, கோபோ (ஒளியில் வடிவம் விழவைக்கும் தகடு)?

பதில் 2:
கோபோ இருக்கும் சக்கரம் மாடலுக்கு மாடல் வேறு. ‘உடைந்த ஒளி’, ‘கோடு’ என்று 4 காலி ப்ரீசெட் வைத்துவிட்டு, லைட் வந்த பிறகு நிரப்புங்கள்.