டூல் ரூம் சீனியர்கள் ஓய்வு பெறப்போகிறார்கள், அடுத்த ஆளை எப்படித் தயார் செய்வது?

எல்லோருக்கும் வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனத்தில் எச்.ஆர். பார்க்கிறேன். சம்பளப் பட்டியல், பி.எஃப்., கேன்டீன் புகார் எல்லாமே நான்தான்.

தலைவலி டூல் ரூமில், அதாவது அச்சுகளையும் டூல்களையும் செய்து பழுது பார்க்கும் பிரிவில். அங்கே இருக்கும் நாலு பேரில் மூன்று பேர் சீக்கிரமே 58-ஐத் தொடுகிறார்கள். அதில் ஒருவர் கிரைண்டிங் மெஷின் சத்தத்தைக் கேட்டே வீலை டிரெஸ் செய்யணும், அதாவது மழுங்கிய சாணைச் சக்கரத்தைச் சீராக்கணும் என்று சொல்லிவிடுவார். இது எந்த எஸ்.ஓ.பி.யிலும் (வேலை செய்முறைக் குறிப்பு) கிடையாது. "கத்துக்கொடுத்துட்டா அப்புறம் என்னை எதுக்கு வெச்சிருப்பீங்க?" என்று அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

ஐ.டி.ஐ. பையன்களோ கை பழகியதும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள பெரிய தொழிற்சாலைகளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே பஸ், சாப்பாடு, கூடுதல் சம்பளம். குறை சொல்ல முடியாது. அப்ரண்டிஸ் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் 2.5 முதல் 15 சதவீதம் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆகணும். நாங்களும் எடுக்கிறோம், ஆனால் பாதி நேரம் பேக்கிங்கில்தான் நிற்கிறார்கள்.

யாருக்கு எந்த மெஷின் எவ்வளவு தெரியும் என்று எக்செலில் ஸ்கில் மேட்ரிக்ஸ் போட ஆரம்பித்தேன். சூப்பர்வைசர் எல்லோருக்கும் நாலுக்கு மூன்று போட்டுக் கொடுத்துவிட்டார்!

அதை உண்மையாக மதிப்பிட நீங்கள் என்ன செய்தீர்கள்? ஓய்வு பெற்றவரைப் பயிற்சி கொடுக்கவே கான்ட்ராக்டில் வைத்துக்கொண்டவர்கள் உண்டா? இரண்டு மெஷின் தெரிந்தவருக்குத் தனி அலவன்ஸ் கொடுத்தால் ஆள் நிற்கிறதா? கன்சல்டன்ட் வைக்க பட்ஜெட் இல்லை. சிறு தொழிற்சாலை அனுபவம் உள்ளவர்கள் கமென்டில் சொன்னால் போதும், அடுத்த வாரம் முதலாளியிடம் பேசணும்.