ட்ரெயிலரில் போய்வந்த 1938 மொறிஸ் எயிட் இடப்பக்கம் இழுக்கிறது. இதைச் சென்னைக்கு அனுப்பலாமா?

வெள்ளவத்தை மொறிஸ்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது அப்பப்பா வாங்கிய 1938 மொறிஸ் எயிட். 918 சீசீ எஞ்சின், ஆறு வோல்ட் பற்றரி. வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஶ்ரீ எழுத்து வருவதற்கு முந்தைய ஆங்கில எழுத்துத் தகடுதான் இன்றும் இருக்கிறது. (1958இல் அந்த ஒற்றை எழுத்து கிளப்பிய கலவரத்தை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்களுக்கு, இந்தத் தகட்டை நான் ஏன் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன் என்று புரியும்.)

சென்னையில் பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் காரோடு வரச் சொல்லி அழைக்கிறார்கள். கொள்கலனில் கப்பலேற்றி, அங்கிருந்து ட்ரெயிலரில் கோயம்புத்தூர் வரை போய், ஜீடி கார் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது ஆசை. ஒத்திகைபோல இருக்கட்டும் என்று சென்ற மாதம் வாடகை ட்ரெயிலர் ஒன்றில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோய் வந்தேன். வீட்டு வாசலில் இறக்கியபோது பிரேக் மிதி அப்படியே தரையில் போய் உட்கார்ந்தது. கைப்பிரேக்கை நம்பி ஒழுங்கைக்குள் மெதுவாக உருட்டிப் பார்த்தால் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறது. ஏற்றுவதற்கு முன் இரண்டு குறையும் இல்லை. ட்ரெயிலர்காரர் “பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கே தொடங்குவது? இந்த நிலையில் கப்பலைப் பற்றி யோசிக்கலாமா?

பஞ்சிகாவத்தைப் பட்டறை:
தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். காரைக் கட்டிய பட்டியை எங்கே மாட்டினார்கள்? காரின் முகம் எந்தப் பக்கம் இருந்தது?

வெள்ளவத்தை மொறிஸ்:
முன் அச்சில் இரண்டு கொக்கி, பின் அச்சில் இரண்டு கொக்கி, நான்கையும் ராட்செட்டால் இறுக்கினார்கள். இறக்குவது சுலபம் என்று காரைப் பின்பக்கமாக ஏற்றினார்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் ட்ரெயிலர் வாலை ஆட்டிக்கொண்டே வந்தது.

பஞ்சிகாவத்தைப் பட்டறை:
நினைத்தேன். பின்பக்கமாக ஏற்றினால் எஞ்சினின் பாரம் ட்ரெயிலரின் வாலுக்குப் போய்விடும். இழுக்கும் வண்டியின் கொக்கியில் பாரம் குறைந்ததும் ட்ரெயிலர் ஆடத் தொடங்கும். காரின் முகம் முன்னோக்கி இருக்க வேண்டும். மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அழுந்த வேண்டும்.

இனி உங்கள் பிரேக். மொறிஸ் எயிட்டுக்கு லொக்ஹீட் ஹைட்ரோலிக் பிரேக். அதன் மெல்லிய குழாய் பின் அச்சை ஒட்டியே ஓடுகிறது. அச்சைச் சுற்றிக் கொக்கி மாட்டியவர் அந்தக் குழாயையும் சேர்த்து நசுக்கியிருப்பார். கீழே படுத்து லைற் அடித்துப் பாருங்கள், எண்ணெய் கசிந்த ஈரம் தெரியும். நசுங்கிய இடத்தை வெட்டி ஒட்டாதீர்கள், முழுக் குழாயையும் மாற்றுங்கள்.

இடப்பக்கம் இழுப்பதற்கு நூல் ஒன்று போதும். முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடுவுக்கு இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இடப்பக்கம் குறைவாக இருந்தால், ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து முன் அச்சு பின்னால் நழுவியிருக்கிறது. அச்சைக் கட்டினால் இழுப்பெல்லாம் அச்சின் மேலேயே விழும். கொக்கி ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் வெடுக்கென்று இழுக்கும். எண்பது வருடத்துப் போல்ட் அதை எத்தனை வளைவுக்குத் தாங்கும்? பழைய காருக்குப் பட்டி ரயரின் மேல்தான் போக வேண்டும். சில்லு நகராது, உடல் தன் பாட்டுக்கு ஸ்பிரிங்கில் ஆடிக்கொள்ளும்.

கொட்டாஞ்சேனை வார்ஃப் கிளார்க்:
நான் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். போல்ட் பட்டறையின் வேலை, நான் காகிதத்தைச் சொல்கிறேன். மகனே, காரை அனுப்புவது பெரிய விடயமே இல்லை. திரும்பி வருவதை இப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இலங்கையில் 1945க்கு முன் முதன்முதலாகப் பதிவான பயணிகள் வாகனத்தை வெளியே அனுப்ப, இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்கள் காருக்கு இது பொருந்தும். “சும்மா காட்டிவிட்டு வருகிறேன்” என்று சொல்லி வாசலில் நிற்க முடியாது.

அடுத்தது கார்னே. தற்காலிகமாகக் கொண்டுபோகும் வாகனத்துக்கான சுங்கப் புத்தகம் அது. காலிமுகத்திடல் பக்கத்தில் இருக்கும் இலங்கை ஆட்டோமொபைல் சங்கம் கொடுக்கிறது. ஒரு வருடம் செல்லும். பிணையும் கட்ட வேண்டும். சென்னையில் உள்ளே போகும்போது ஒரு முத்திரை, வெளியே வரும்போது ஒரு முத்திரை. கார் ட்ரெயிலரின் மேலே இருந்தாலும் அங்குள்ள சுங்கத்துக்கு அது கார்தான். வெளியேறும் முத்திரை விழாவிட்டால் இந்தியச் சுங்கம் வரியைக் கேட்கும், உங்கள் பிணையில் கை வைப்பார்கள்.

அந்தப் புத்தகத்தில் இலக்கங்கள் மட்டுமா எழுதுவார்கள்? நிறம், ஆசன எண்ணிக்கை, வானொலி உண்டா, உபரிச் சில்லு எத்தனை என்பது வரை உண்டு. ஒரு சில்லு எழுதியிருந்தால் ஒரு சில்லோடு திரும்புங்கள். கோயம்புத்தூரில் யாராவது ஆசைப்பட்டுக் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.

எஞ்சின் எப்போதாவது மாற்றப்பட்டதா?

வெள்ளவத்தை மொறிஸ்:
ஐயா, அதைத்தான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன். எழுபதுகளில் அப்பா வேறொரு மொறிஸின் எஞ்சினைப் போட்டார். பதிவுப் புத்தகத்தில் பழைய இலக்கமே இருக்கிறது.

கொட்டாஞ்சேனை வார்ஃப் கிளார்க்:
அப்படியானால் முதலில் நாரஹேன்பிட்டிக்குப் போங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இலக்கத்தைத் திருத்தாமல் கார்னேக்கு விண்ணப்பிக்க வேண்டாம். காரில் இருக்கும் எஞ்சினும் புத்தகத்தில் இருக்கும் எஞ்சினும் வேறு வேறு என்று சுங்க அதிகாரி கண்டுபிடித்தால் உங்கள் பயணம் அந்த மேசையிலேயே முடிந்தது.

தெஹிவளை பீட்டில்:
நான் ஒரு பீட்டில் காரைக் கொள்கலனில் அனுப்பியிருக்கிறேன். இருபது அடிப் பெட்டியின் உட்புற நீளம் ஏறக்குறைய 5.9 மீற்றர், வாசல் அகலம் 2.3 மீற்றருக்குச் சற்று மேலே. மொறிஸ் எயிட் தாராளமாக உள்ளே நிற்கும். இங்கிருந்து ட்ரெயிலரையும் கொண்டுபோக நினைக்காதீர்கள், அதற்கும் தனியாகக் காகிதம் தேடி அலைய வேண்டும். சென்னையில் வாடகைக்கு எடுங்கள்.

பெற்றோலைக் கொஞ்சம் மட்டும் விட்டு, பற்றரியைக் கழற்றி, முனைகளுக்கு டேப் சுற்றுங்கள். சில்லுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்துப் பெட்டியின் தரையில் ஆணி அடியுங்கள். பூச்சி கொல்லப் பதப்படுத்திய முத்திரை இல்லாத மரத்துக்கு இந்தியாவில் பிரச்சினை வரும், அதையும் பாருங்கள். பெட்டிக்குள் இரவில் வியர்த்து நீர்த்துளி சொட்டும். அதனால் காரைப் பிளாஸ்டிக்கில் மூடக் கூடாது. பருத்தித் துணியும் ஈரம் உறிஞ்சும் பைகளும் போதும்.

கைப்பிரேக்கை இறுக்கி, கியரில் விட்டு அனுப்பினால் சரி.

பஞ்சிகாவத்தைப் பட்டறை:
கியர் சரி. கைப்பிரேக்கை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். உப்புக் காற்றில் வாரக்கணக்கில் இறுகிக் கிடந்தால் சில்லின் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் செருப்பு அதோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

தெஹிவளை பீட்டில்:
அண்ணா, எனக்கு ஒட்டவில்லை.

பஞ்சிகாவத்தைப் பட்டறை:
உங்கள் அதிர்ஷ்டம். கட்டையும் ரயர்ப் பட்டியும் ஒழுங்காக இருந்தால் அந்த அதிர்ஷ்டம் தேவைப்படாது.

வெள்ளவத்தை மொறிஸ்:
பத்து நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். அளந்தேன்: இடப்பக்கம் 12 மில்லிமீற்றர் குறைவு. பட்டைகளைப் பிரித்தபோது சென்டர் போல்ட் இரண்டு துண்டாகக் கையில் வந்தது. பிரேக் குழாயும் நீங்கள் சொன்ன இடத்திலேயே நசுங்கியிருந்தது, கொக்கியின் தடம்கூடத் தெரிகிறது. படம் எடுத்து ட்ரெயிலர்காரருக்கு அனுப்பினேன், பதில் இல்லை.

போல்டும் குழாயும் போட்டாயிற்று. நேற்றுக் காலை காலி வீதியில் தெஹிவளை வரை ஓட்டினேன். கையை லேசாக எடுத்தாலும் நேராகப் போகிறது. இந்த முறை சென்னை இல்லை என்று நண்பர்களுக்குச் சொல்லிவிட்டேன். எஞ்சின் இலக்கத்தைத் திருத்த நாளை நாரஹேன்பிட்டிக்குப் போகிறேன். ஐயா, எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு அப்பாவின் பெட்டியில் கிடைத்தது, ஆனால் பாதியைக் கறையான் தின்றிருக்கிறது. இலக்கம் இருக்கும் பாதி தப்பியிருக்கிறது. அதை ஏற்பார்களா?

கொட்டாஞ்சேனை வார்ஃப் கிளார்க்:
இலக்கம் தெரிந்தால் கையில் வைத்திருங்கள். மடிக்காமல் கொண்டுபோங்கள்.