லாயிட் ஜார்ஜின் போர்க்காலத் தலைமையை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி:
1916 டிசம்பரில் ஆஸ்குவித்துக்குப் பதிலாகப் பிரிட்டிஷ் பிரதமரான டேவிட் லாயிட் ஜார்ஜை, முதல் உலகப் போரை வென்று தந்த தலைவர் என்பதா, தம் லிபரல் கட்சியையே பிளந்தவர் என்பதா?

மறுமொழி 1:
நிர்வாகத் திறனை வைத்துப் பார்த்தால் அவர் பெரியவர்தான். 1915-இல் வெடிமருந்துத் துறை அமைச்சராகத் தொழிற்சாலைகளை முடுக்கிவிட்டவர், பிரதமரானதும், இருபதுக்கும் மேற்பட்டோர் கூடிப் பேசிக் கலைந்த அமைச்சரவைக்குப் பதிலாக ஐவர் கொண்ட போர் அமைச்சரவையை அமைத்து, மாரிஸ் ஹேங்கியைச் செயலராக்கி, முடிவுகளை முறைப்படி எழுத்தில் பதியச் செய்தார். அதுவரை பிரிட்டிஷ் அமைச்சரவைக்கு முறையான கூட்டக் குறிப்பே கிடையாது என்பதை இன்று நம்புவது கடினம்.

மறுமொழி 2:
நண்பர் சொல்வதில் பாதியைத்தான் ஏற்பேன். மேற்கு முனையில் பிரிட்டிஷ் படைகளின் தளபதியாக இருந்த ஹெய்க் மீது நம்பிக்கை இல்லாமலேயே, 1917-இல் பெல்ஜியத்தில் பேரிழப்பில் முடிந்த பாஷண்டேல் தாக்குதலுக்கு அவர் இசைந்தார். கன்சர்வேட்டிவ் கட்சியினரின் தயவில் நடந்த கூட்டணி அரசு என்பதால், தளபதிகளைப் பகைத்துக்கொள்ளத் தயங்கினார் என்றே கருதுகிறேன். அரசின் கௌரவப் பட்டங்களைக் காசுக்கு விற்ற விவகாரம் வேறு.

மறுமொழி 3:
அந்தத் தயவுதான் அவரை வீழ்த்தவும் செய்தது. 1922 அக்டோபர் 19 அன்று கார்ல்டன் கிளப்பில் கூடிய கன்சர்வேட்டிவ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூட்டணியை முறித்துக்கொள்ள, அன்றே பதவி விலகியவர், 1945-இல் இறக்கும்வரை மீண்டும் அமைச்சராகவே இல்லை.