முதிரை மரத்தில் சீவுளி ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

மாங்குளம்

முதிரைப் பலகை பார்வைக்குப் பட்டுப்போல் மினுங்கும். பலகையை இழைக்கும் சீவுளியை வைத்தால்தான் அதன் குணம் தெரியும். நார் ஒரு பட்டை இந்தப் பக்கமும் அடுத்த பட்டை எதிர்ப்பக்கமுமாகச் சாய்ந்திருப்பதால், எந்தத் திசையில் தள்ளினாலும் ஏதாவது ஒரு பட்டை பெயர்ந்துகொண்டு வரும். தேக்கில் பழகிய கைக்கு இது பெரிய அவமானம்.

மீள்குடியேற்றக் காலத்தில், ஊரெல்லாம் கதவும் யன்னலுமாக வேலை குவிந்திருந்தபோது பட்டறையில் சேர்ந்தேன். ஆசாரியார் மரத்தைத் தொடவிடவில்லை. துருப்பிடித்த சீவுளி அலகொன்றைத் தந்து, “தம்பி, சாய்வை விடும். முதுகைத் தட்டையாக்கிக் கொண்டுவாரும்” என்றார். முதுகு முழுவதையும் அல்ல, கூரோரத்தில் ஒரு விரல் அகலத்தை மட்டும். கூர் என்பது சரிவாகத் தீட்டிய சாய்வும் அதன் மறுபக்கமான தட்டை முதுகும் ஆகிய இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு. முதுகில் துருக்குழி கிடந்தால் சாய்வை எவ்வளவு தீட்டினாலும் அந்தக் குழி கூரில் பல்லாகி, சீவிய பலகையில் கோடாக விழும்.

சாய்வு 25 பாகை, நுனியில் மட்டும் 30. சாய்வைத் தீட்டியபின் முதுகுப் பக்கத்தில் விரலை வெளிநோக்கி இழுத்தால் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும், அதுவும் மூலையிலிருந்து மூலை வரை. பிசிறு வராத இடம் தீட்டப்படாத இடம். அதற்கு முன்பே அடுத்த கல்லுக்குத் தாவுகிறவனுக்கு ஆசாரியாரிடம் தேநீர்கூடக் கிடைக்காது. கடைசியில் தோல் வாரில் இழுத்துப் பிசிறை எடுத்துவிடுவார்.

முதிரைக்கு இது மட்டும் போதாது. அலகின்மேல் திருகாணியால் பூட்டும் தகட்டைக் கூருக்குக் கால் மில்லிமீற்றர் வரை நெருக்கி வைப்பார். எழும்பிய சீவல் உடனே தகட்டில் முட்டி மடங்கிவிடும். முன்னே கிடக்கும் நாரைக் கிளப்ப அதற்கு வழியில்லை. தகட்டுக்கும் அலகுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் சீவல் அங்கே செருகிக்கொண்டு சீவுளியின் வாயை அடைத்துவிடும். ஆகவே தகட்டின் விளிம்பும் கல்லுக்குப் போக வேண்டும்.

புதுக்குடியிருப்பு

அண்ணா, எங்கள் பக்கத்தில் கூர் தீட்டுவதற்கு முன் இரும்பு தேட வேண்டும். 2009இல் போர் நடந்தபோது இங்கே நின்ற மரங்கள் பலவற்றுக்குள் செல் (எறிகணை) துண்டு இன்னும் இருக்கிறது. பட்டை மூடி வளர்ந்துவிட்டதால் வெளியே தெரியாது. பழைய ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தத்தை நூலில் கட்டிப் பலகைமேல் கொண்டுபோகிறோம். நூல் சாய்ந்த இடத்தைப் பழைய உளியால் தோண்டிப் பார்ப்போம். ஈயமும் செம்பும் காந்தத்துக்கு அகப்படாது, அதற்குக் கண்தான். இரும்பு இருந்தால் பெரும்பாலும் சுற்றியுள்ள மரமே கருநீலமாகக் கறுத்துக் காட்டிக்கொடுக்கும்.

அப்படியும் அலகு பல்லுப்போனால் மின்சாணையில் அவசரம் கூடாது. ஒரு தொடுகை, உடனே தண்ணீர். நுனி நீலம் பாரித்துவிட்டால் உருக்கின் பதம் போய்விட்டது. அந்தப் பகுதி முழுவதையும் தேய்த்துத் தள்ள வேண்டியதுதான்.

செட்டிகுளம்

தகட்டை நெருக்கியும் பெயர்கிற பலகைக்கு நான் செய்வது இது: அலகின் முதுகில், கூரோரத்தில் மட்டும், 10 பாகைக்கு மிக மெல்லிய சாய்வு. அலகு 45 பாகையில் படுத்திருக்கும் சீவுளி அப்போது 55 பாகையில் வெட்டும். தள்ளக் கனம், தோள் சொல்லும். முதுகில் கை வைத்ததற்கு மாங்குளத்து ஆசாரியார் ஏசுவார் என்பது தெரியும். அதனால் இதற்கென்று தனி அலகு வைத்திருக்கிறேன். இந்தப் பாடெல்லாம் எதற்கு, தேய்க்கும் தாளால் முடிக்கலாமே என்று கேட்பார்கள். முதிரைத் தூள் பட்டால் எனக்குக் கழுத்தும் கையும் கடிக்கத் தொடங்கிவிடும். சீவல் அப்படிச் செய்வதில்லை.