ஹோவர்போட்டுக்கு 12எஸ் பற்றரியும் 8.5 இஞ்ச் சில்லும் போடலாமா?

கல்லடி_வாவிக்கரை

வணக்கம். கட்டாரில இருந்து வந்த 6.5 இஞ்ச் ஹோவர்போட் (ஆள் மேல நிண்டு சாஞ்சு ஓட்டுற ரெண்டு சில்லு வண்டி) ஒண்டு கிடக்கு. மோட்டர் ரெண்டும் 350 வோட், கொன்ரோலர் (மோட்டரை இயக்குற சர்க்கியூட்) ஒரே பலகை, பற்றரி 10எஸ் 2பீ (ரெண்டு ரெண்டு செல் சமாந்தரமாச் சேத்த 10 தொகுதி தொடரா), 4.4 அம்பியர்-மணி. முழுசா சார்ஜ் ஏத்தினா 41.6 வோல்ட் காட்டுது. ஆனா ஆள் ஏறிக் கொஞ்சம் முன்னுக்குச் சாஞ்ச உடனே பீப் அடிச்சு நிண்டுடுது. ஓடுற ஆள் 78 கிலோ.

பழைய லப்டொப் பற்றரி உடைச்ச செல் நிறைய இருக்கு. அதால 12எஸ் 2பீ கட்டி வேகத்தையும் கொஞ்சம் கூட்டலாமா? பீஎம்எஸ்தான் (பற்றரியைக் காக்கிற சர்க்கியூட்) கட் பண்ணுது எண்டா அதைத் தாண்டி நேர வயர் குடுக்கலாமா? நம்மட பக்கம் றோட்டில மணல் ஏறிக் கிடக்கிறதால 8.5 இஞ்ச் காத்து ரயர் சில்லும் பாத்து வச்சிருக்கு. கடற்கரை வீதியிலயும் பாலத்து ஏத்தத்திலயும் ஓடுறதுதான் நோக்கம். எது சரிவரும், எது சரிவராது?

கல்முனை_மோட்டர்

தம்பி, மின்சார சைக்கிளில மோட்டர் கட் ஆனா சைக்கிள் மெதுவா நிக்கும், ஆள் விழமாட்டார். ஹோவர்போட்டில ஆளை நிமிர்த்தி வச்சிருக்கிறதே மோட்டர்தான். நீங்க முன்னுக்குச் சாய, சில்லு உங்களுக்குக் கீழ ஓடி வந்து தாங்கோணும். அதுக்கு மோட்டரிட்ட எப்பவும் கொஞ்சம் பலம் மிச்சம் இருக்கோணும். அந்த மிச்சம்தான் உங்கட பாதுகாப்பு.

கணக்கைப் பாருங்க. இந்த மோட்டர்கள் 1 வோல்ட்டுக்கு அண்ணளவா 16 ஆர்பீஎம் சுத்தும். 6.5 இஞ்ச் சில்லிட சுத்தளவு 52 சென்ரிமீற்றர். மணிக்கு 12 கிலோமீற்றர் எண்டா 386 ஆர்பீஎம். அந்த வேகத்தில மோட்டர் தானே 24 வோல்ட் அளவுக்கு எதிர்மின்னழுத்தம் (பற்றரிக்கு எதிரா நிக்கிற வோல்ட்) உண்டாக்கும். பற்றரி 42 வோல்ட்டில நிக்கக்குள்ள 18 வோல்ட் மிச்சம். 33க்கு இறங்கினா 9தான் மிச்சம். அதிலயும் பாரத்தில பற்றரி இன்னும் 3, 4 வோல்ட் தாழ்ந்தா ஒரு சின்னக் குழி வந்தாலே தாங்க ஒண்டும் இராது. முன்னுக்கு முகம் குப்புற விழுறது இப்பிடித்தான்.

இனி லப்டொப் செல். பாவிச்சு முடிஞ்ச லப்டொப் செல்லில உட்தடை 100 மில்லிஓம் இருக்கிறது சாதாரணம். 10எஸ் 2பீ கட்டினா மொத்தம் அரை ஓம். ஏத்தத்தில ரெண்டு மோட்டரும் சேந்து 20 அம்பியர் இழுத்தா 10 வோல்ட் அங்கயே விழும்; 38இல நிண்ட பற்றரி 28க்கு வரும். பீஎம்எஸ் மொத்தத்தைப் பாத்துக் கட் பண்ணுறதில்ல, ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியாப் பாக்கும். ஒரு தொகுதி மட்டும் மற்றதை விட நொந்து போயிருந்தா அது 2.8க்குக் கீழ போன உடனே முழு போட்டும் நிக்கும். உங்கட போட்டில இப்ப நடக்கிறதும் அநேகமா இதுதான். 41.6 வோல்ட் காட்டுறதால பற்றரி நல்லம் எண்டு நினைக்காதீங்க. பாரம் வச்சுத்தான் பாக்கோணும்.

பாரத்துக்கு மூண்டு 12 வோல்ட் 55 வோட் ஹெட்லைட் பல்ப்பைத் தொடரா இணையுங்க. 36 வோல்ட்டில 4.6 அம்பியர் இழுக்கும். நல்லாச் சுடும், பிளாஸ்ரிக்கில வைக்காதீங்க. பல்ப் எரியக்குள்ள பீஎம்எஸ்ஸுக்குப் போற மெல்லிய 11 வயரிலயும் அடுத்தடுத்த ரெண்டுக்கு இடையில அளந்து பாருங்க. நல்ல தொகுதி 0.1 வோல்ட்டுக்குள்ள இறங்கும். 0.3க்கு மேல இறங்கினா அந்தத் தொகுதி முடிஞ்சுது.

12எஸ் வேண்டாம். முழுச் சார்ஜில 50.4 வோல்ட். பலகையில உள்ள பெரிய கப்பாசிற்றரில 50 வோல்ட் எண்டு அச்சடிச்சிருந்தா அப்பவே எல்லை தாண்டிட்டுது. 63 எண்டாலும் இறக்கத்தில மோட்டர் திருப்பி அனுப்புற கரண்டுக்கு இடம் காணாது. வேகம் கூடவும் மாட்டாது: அதைக் கட்டுப்படுத்துறது உள்ளுக்கிருக்கிற புரோகிராம். சில்லு குறிச்ச வேகத்துக்கு வந்த உடனே அது பீப் அடிச்சு மிதிபலகையைப் பின்னுக்குத் தள்ளும், எத்தனை வோல்ட் குடுத்தாலும்.

எல்லாத்தையும் விடப் பெரிய ஆபத்து சார்ஜர். 42 வோல்ட் சார்ஜரும் 50.4 வோல்ட் சார்ஜரும் ஒரே மூண்டு முனைப் பிளக்கோட வரும். வீட்டில ஆராவது மாறிக் குத்தினா 10எஸ் பற்றரியில ஒரு செல்லுக்கு 5.04 வோல்ட். பீஎம்எஸ் மலிவானது எண்டா அந்த இடத்தில நெருப்புத்தான்.

சம்மாந்துறை_செல்

காக்கா சொன்னது சரி. 10எஸ்ஸாவே வச்சுக்கொண்டு நல்ல செல் போடுங்க. சாம்சங் 25ஆர் எண்டா 2.5 அம்பியர்-மணி, தொடர்ந்து 20 அம்பியர் குடுக்கும். மொலிசெல் பி26ஏ 2.6 அம்பியர்-மணி, 35 அம்பியர். 20 செல் போதும். 25ஆர் போட்டா மொத்தத் தடை 0.2 ஓமுக்கு மேல போகாது. 20 அம்பியரில 4 வோல்ட்டுக்குள்ளதான் விழும்.

கட்டுற முறை: செல்லுக்கெல்லாம் முதல்ல வோல்ட் பாத்து 0.02க்குள்ள சரியாக்கினதுக்குப் பிறகுதான் சமாந்தரமா ஒட்டோணும். நேர்முனையில காகித வளையம் கட்டாயம். அந்த முனையைச் சுத்தி இருக்கிற விளிம்பே எதிர்முனைதான். மேல இருக்கிற மெல்லிய பிளாஸ்ரிக் உறை அதிர்வில தேஞ்சா நிக்கல் பட்டி அங்க தொட்டு சோட் ஆகும். பட்டி 0.15 மில்லிமீற்றர் தடிப்பு, 8 மில்லிமீற்றர் அகலம். தொடர் இணைப்பு வாற இடத்தில ரெண்டு அடுக்கு. செல்லில நேர ஈயம் வைக்காதீங்க, ஸ்பொட் வெல்ட்தான்.

நிக்கல் எண்டு விக்கிற பட்டி கன இடத்தில நிக்கல் பூசின இரும்பு. ஒரு துண்டைச் சுரண்டி உப்புத் தண்ணியில ஒரு இரவு போட்டுப் பாருங்க. காலையில துரு இருந்தா அது இரும்பு. கடற்கரைப் பக்கம் அந்தப் பட்டி ஒரு மாரி கூடத் தாங்காது.

பியூஸ் நேர்முனையில, செல்லுக்குக் கிட்ட. காருக்குப் போடுற சாதாரண பிளேட் பியூஸ் 32 வோல்ட்டுக்குத்தான் தரப்படுத்தினது. 42 வோல்ட்டில உருகினாலும் உள்ளுக்குப் பொறி ஓடிக்கொண்டே இருக்கலாம். 58 வோல்ட் எண்டு எழுதின பியூஸ் எடுங்க, 30 அம்பியர் காணும். வயர் 14 கேஜ் சிலிகன்.

மட்டுநகர்_சர்க்கியூட்

பீஎம்எஸ்ஸைத் தாண்டிக் குடுக்கிற கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லேல்ல. ஆள் ஏறி ஓடக்குள்ள சடார் எண்டு கட் ஆகிறதை விட செல் கொஞ்சம் கெடுறது பரவாயில்ல எண்ட வாதத்தில நியாயம் இருக்கு. ஆனா செத்த செல்லை வச்சுக்கொண்டு அதைச் செய்யிறது சரியான பிழை. 2 வோல்ட்டுக்கும் கீழ போன செல்லை மறுகா சார்ஜ் பண்ணக்குள்ள உள்ளுக்குக் கரைஞ்ச செம்பு படிஞ்சு சோட் ஆகும். அது ஓடக்குள்ள எரியாது. இரவில சார்ஜில கிடக்கக்குள்ள எரியும். நல்ல செல்லோட 30 அம்பியர் பீஎம்எஸ் போட்டா தாண்டிக் குடுக்கிற தேவையே வராது. பலகையிட குறைவோல்ட் பீப் பீஎம்எஸ்ஸை முந்தி வரோணும்: செல்லுக்கு 3.5, அதாவது 35 வோல்ட்டில பீப். அதுக்குப் பிறகு 5 நிமிசத்துக்குள்ள இறங்கிடுங்க.

இறக்கத்தையும் கவனிக்கோணும். முழுச் சார்ஜோட பாலத்தால இறங்கினா மோட்டர் கரண்டைத் திருப்பிப் பற்றரிக்கு அனுப்பும். சார்ஜுக்கும் ஓட்டத்துக்கும் ஒரே வாசல் உள்ள பீஎம்எஸ் அந்த நேரம் சார்ஜ் வழியை மூடிடும். போக இடமில்லாத கரண்ட் பலகையில வோல்ட்டை ஏத்தும். மொஸ்பெற் (மோட்டர் கரண்டைத் திறந்து மூடுற சுவிச்) போகும், இல்லாட்டி போட் நிண்டு ஆள் விழுவார். ரெண்டு வாசல் உள்ளதில கட் ஆகாது, ஆனா செல் கேள்வியில்லாம 4.2க்கு மேல ஏறும். ரெண்டும் கூடாது. சார்ஜ் ஏத்தின கையோட சமதரையில 10 நிமிசம் ஓடிட்டு, பற்றரி 40 வோல்ட்டுக்கு வந்த பிறகு பாலத்துப் பக்கம் போங்க.

இணையத்தில கிடைக்கிற திறந்தமூல புரோகிராமை ஏத்தி வேகம் கூட்டுற யோசனை வந்தாலும் வேண்டாம். அது வண்டில், ரோபோ ஓட்டுறதுக்கு எழுதினது, ஆளைச் சமநிலையில நிறுத்துறதுக்கில்ல. சிப்பிட பூட்டைத் திறந்த உடனே பழைய புரோகிராம் அழிஞ்சிடும், திருப்பி எடுக்க வழியில்ல.

2016 யூலையில அமெரிக்காவில 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹோவர்போட் திருப்பி அழைக்கப்பட்டது. காரணம் பற்றரி. யூஎல் 2272 எண்ட ஹோவர்போட் பாதுகாப்புத் தரமும் அந்த வருசம்தான் வந்தது. அது பற்றரி, சார்ஜர், கொன்ரோலர் எல்லாத்தையும் ஒரே தொகுதியாச் சோதிக்கிறது. பற்றரி மாத்தின பிறகு அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை நம்பாதீங்க.

கல்லடி_வாவிக்கரை

நன்றி அக்கா, காக்கா, அண்ணா. 12எஸ்ஸும் லப்டொப் செல்லும் விட்டாச்சு. 25ஆர் 20 செல்லுக்குச் சொல்லப் போறன். 8.5 சில்லு எப்பிடி? மணலுக்கு அது தேவைதானே?

கல்முனை_மோட்டர்

ஹோவர்போட்டில சில்லும் மோட்டரும் ஒண்டு. 8.5 எண்டா மோட்டரையே மாத்துறீங்க, புரோகிராம் 6.5க்கு எழுதினது. அது 12 கிலோமீற்றர் எண்டு நினைக்கிற நேரம் நீங்க 15.7இல போய்க்கொண்டிருப்பீங்க. சில்லு பெருத்த அளவுக்குத் தள்ளுவிசை குறையும். ஒரே ஏத்தத்துக்கு 31 சதவீதம் கூடக் கரண்ட் வேணும், கம்பிச்சுருளில சூடு 1.7 மடங்கு. நீங்க சாஞ்சா போட் பிந்தித்தான் வந்து தாங்கும். 8.5 வேணும் எண்டா 8.5க்கே செய்த முழு போட் எடுங்க.

இளகின மணலில எந்தச் சில்லும் சரிவராது. சில்லு புதைஞ்ச உடனே மோட்டர் நிக்கும், நீங்க நிக்கமாட்டீங்க.

பொத்துவில்_36

கடற்கரையில போட் சாகிறது கூடுதலா உப்பாலயும் மணலாலயும்தான், அதையும் எழுதிவிடுறன்.

முதல்ல மிதிபலகை. றப்பரைக் கழட்டினா கீழ நாக்கு மாதிரி சின்ன றப்பர் முளைகள் இருக்கும். நீங்க மிதிக்க அது இறங்கி ஒரு ஒளி சென்சரிட இடைவெளியை மறைக்கும். ஆள் நிக்கிறார் எண்டு போட் அறியிறது அதாலதான். அந்த முளைக்குக் கீழ மணல் இறுகினா நீங்க இறங்கின பிறகும் அது மறைச்சபடியே நிக்கும். போட் தனியச் சுழண்டு பக்கத்தில நிக்கிற பிள்ளையிட காலை அடிக்கும். கடற்கரையில ஓடினா மாதம் ஒருக்கா றப்பரைக் கழட்டித் தூரிகையால தட்டி, கிழிஞ்ச முளை இருந்தா மாத்துங்க.

அடுத்தது ஹோல் சென்சர் (சில்லு எந்த நிலையில நிக்குதெண்டு காட்டுற காந்த சென்சர்) பிளக், மோட்டரில இருந்து வாற மெல்லிய 5 வயர். உப்புக் காத்துக்கு அதுக்குள்ள பச்சைப் பூப் பூக்கும். அதுக்குப் பிறகு ஒரு பக்கம் மட்டும் துடிக்கும், இல்லாட்டி ஏறின உடனே உதறும். போட்டை ஓன் பண்ணி, மிதிபலகையைத் தொடாம, கறுப்புக்கும் மஞ்சள், பச்சை, நீலம் ஒவ்வொண்டுக்கும் இடையில மல்ரிமீற்றரைப் பிடிச்சு சில்லைக் கையால மெதுவாச் சுத்துங்க. 0க்கும் ஏறத்தாழ 5 வோல்ட்டுக்கும் மாறி மாறி வரோணும். ஒண்டு மாறாம நிண்டா முதல்ல பிளக்கைத் துப்புரவாக்கிப் பாருங்க, பிறகு மோட்டரைக் குறை சொல்லலாம். பிளக்கில மின்கடத்தாக் கிறீஸ் பூசுங்க. புளிச்ச வினாகிரி மணம் வாற சிலிகன் பூசாதீங்க, அது செம்பை அரிக்கும்.

மூண்டாவது, நடு அச்சு. பற்றரி ஒரு பாதியில, பலகை மற்றப் பாதியில. வயர் எல்லாம் நடுக்குழாயால போகும், நீங்க திரும்பிற ஒவ்வொரு தடவையும் அது முறுகும். திறந்த கையோட அந்த இடத்தில வயர் தோல் உரிஞ்சிருக்கா எண்டு பாத்து, பின்னல் உறை போடுங்க.

சம்மாந்துறை_செல்

பற்றரி வந்து சேந்தா ஏறுறதுக்கு முதல்: போட்டை ஓப் பண்ணி சமதரையில ரெண்டு பாதியையும் மட்டமா வைச்சு, லைட் மினுங்கும் வரை பட்டனை அமத்திப் பிடிச்சு சமநிலை சரிபண்ணுங்க. பிறகு ஓப் பண்ணி ஓன் பண்ணுங்க. முதல் 10 நிமிசம் நடை வேகம், சமதரை, தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும். இறங்கி பற்றரி உறையில கை வைங்க. வெதுவெதுப்பு சரி, கை வைக்கேலாத சூடு எண்டா எங்கயோ வெல்ட் பிடிக்கேல்ல.

சார்ஜ் பண்ண முதல் அரை மணித்தியாலமாவது ஆற விடுங்க. நம்மட வெயிலில ஓடி வந்த செல் 45 பாகைக்குக் கிட்ட நிக்கும், அந்தச் சூட்டில ஏத்தக் கூடாது. 2 அம்பியர் சார்ஜருக்கு 5 அம்பியர்-மணி எண்டா மூண்டு மணித்தியாலம் அளவில பச்சை வரோணும். நாலு தாண்டியும் வராட்டி கழட்டுங்க. கரண்ட் போனா பிளக்கைக் கழட்டி, வந்து கொஞ்ச நேரத்துக்குப் பிறகு குத்துங்க. சீமெந்துத் தரை, வாசல் வழியில இல்லாம, ஆள் முழிச்சிருக்கிற நேரம். மாரிக்கு ஓடாம வைக்கிறதெண்டா 37, 38 வோல்ட்டில வச்சு மாதம் ஒருக்கா அளவுங்க.

கல்லடி_வாவிக்கரை

கடைசியா ஒண்டு, கழட்டின பழைய 20 செல்லை என்ன செய்யிற?

சம்மாந்துறை_செல்

பிரிக்காம, பீஎம்எஸ்ஸோடயே அந்த ஹெட்லைட் பல்ப்பில போட்டு அது கட் ஆகும் வரை எரிய விடுங்க. பிறகு வயர் முனைகளைத் தனித்தனியா ரேப் சுத்தி, உலர்ந்த மணல் போட்ட தகரப் பேணியில வீட்டுக்கு வெளிய, மழை படாத இடத்தில வைங்க. குப்பை வண்டியில போடாதீங்க, அங்க நசுக்கினா தீப்பிடிக்கும். மின்கழிவு சேக்கிற ஆக்கள் வாற நேரம் லித்தியம் எண்டு சொல்லிக் குடுங்க.